பேச முடிகிற வேகம்

என் பெயர் வல்லரசு. சிரித்து முடித்துவிட்டு மேலே படிக்கலாம், எனக்கு அவசரமில்லை. வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் முதியோர் உதவித்தொகைப் பிரிவில் உதவியாளர். வயது நாற்பத்து நான்கு. ஃபைலை எடுத்துக்கொண்டு இரண்டாவது மாடிக்கு ஏறினால், வந்த விஷயத்தைச் சொல்ல எனக்கு மூன்று நிமிடம் பிடிக்கும். சூப்பிரண்டு காத்திருப்பார். "மொதல்ல மூச்ச வுடுங்க வல்லரசு, ஃபைலு எங்கயும் ஓடிப் போயிடாது" என்பார். ஓடாத விஷயத்தில் ஃபைலும் நானும் ஒரே ஜாதி.

ஜனவரியில் ஆபீசிலேயே மருத்துவ முகாம் போட்டார்கள். பிரஷர் பார்த்த நர்ஸ் வினோதினி, மிஷினை ஒரு தட்டு தட்டி மறுபடியும் பார்த்தார்.

"சார், ஒக்காந்துதான இருந்தீங்க?"

"இருவது வருஷமா ஒக்காந்துதாம்மா இருக்கேன்."

அவர் சிரிக்கவில்லை. சர்க்கரையும் எல்லைக் கோட்டில் ஒரு காலை வைத்திருந்தது. "நடங்க சார். முடிஞ்சா மெதுவா ஓடுங்க. வீட்ல சொல்லி உப்ப கம்மி பண்ணச் சொல்லுங்க" என்றார்.

வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். வீட்டில் இருந்தது நான் ஒருத்தன்தான். கேட்டுக்கொண்டேன்.

என் மனைவி எழிலரசி அப்போது வீட்டை விட்டுப் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. சண்டை எதுவும் இல்லை. சண்டை போடத் தெரிந்தவனாக இருந்தால் அவள் போயே இருக்க மாட்டாள் என்று இப்போது தோன்றுகிறது. மலையைச் சுற்றிப் போகிற கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலையில், பாதையை ஒட்டி அவள் அம்மா வீடு. வீட்டின் முன்பக்கம் கற்பூரமும் தண்ணீர் பாட்டிலும் விற்கிற சின்னக் கடை. எழிலரசி பக்கத்து ஊரில் ஆரம்பப் பள்ளி டீச்சர். அங்கிருந்தே வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தாள்.

என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். எங்களுக்குக் குழந்தை இல்லை. நான்கு வருஷத்துக்கு முன்னால் வேலூரில் ஒரு மருத்துவமனையில் மூன்றாவது தடவையும் நிற்கவில்லை. இனி முயற்சி வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். திரும்பி வருகிற பஸ்ஸில் கண்ணமங்கலம் தாண்டும்வரை அவள் பேசவே இல்லை. பிறகு என் பக்கம் திரும்பி, "இப்ப இன்னாங்க பண்றது?" என்று கேட்டாள்.

"இப்போதைக்கு போளூர்ல எறங்கி டீ குடிக்கறது. மீதிய கலெக்டருக்கு மனு போட்டுப் பாத்துக்கலாம், நான்தான் அங்க இருக்கேன்ல" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் ரொம்ப நாள் ஒரு பதக்கம் மாதிரி வைத்துக்கொண்டிருந்தேன். எப்பேர்ப்பட்ட நேரத்தில் பெண்டாட்டியைச் சிரிக்க வைத்தவன் நான்!

மூன்று வருஷம் கழித்து ஒரு நாள் பையில் துணி எடுத்து வைத்துக்கொண்டே சொன்னாள்: "அன்னிக்கு பஸ்ல நான் அழணும்னு இருந்தேங்க. நீங்க சிரிக்க வச்சிட்டீங்க. அதுக்கப்புறம் எனக்கு அழுகையே வர மாட்டேங்குது. ஒரு விஷயத்த உங்ககிட்ட முழுசா பேச முடியல. பாதி வழியில ஒரு ஜோக்க அடிச்சிட்டு திரும்பிடறீங்க. நான் அம்மா வீட்டுக்குப் போறேன்."

அதற்கு நான், "கேஷுவல் லீவா, ஈட்டிய விடுப்பா?" என்று கேட்டேன்.

கேட்டேன். இதே வாயால்தான்.

ஆக, ஓட்டம். போனில் ஒரு செயலியை இறக்கினேன். அதில் ஒரு அம்மா இங்கிலீஷில் பேசும். ஒரு நிமிடம் ஓடு, ஒன்றரை நிமிடம் நட என்று சொல்லும். வீட்டில் ஒரு வருஷமாக என்னை ஏவ ஆளில்லாத குறை அதோடு தீர்ந்தது. முதல் மூன்று நாள் எங்கள் தெருவிலேயே ஓடினேன். நாய்களும் ஓடின. அவற்றுக்கு ஒன்றரை நிமிடம் நடக்கிற விதியெல்லாம் இல்லை. அதனால் வண்டியை எடுத்துக்கொண்டு கிரிவலப் பாதைக்கு வந்தேன். விளக்கு உண்டு, நடைபாதை உண்டு, பௌர்ணமியை விட்டுவிட்டால் விடியற்காலையில் கூட்டமும் கம்மி. தேரடி வீதியில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு ராஜகோபுரத்தின் முன்னால் ஓட ஆரம்பிப்பேன். முதல் நாள் அக்னி லிங்கம்கூட வரவில்லை, வயிற்றின் வலது பக்கம் யாரோ ஊக்கு குத்திய மாதிரி ஆகி, ஒரு விளக்குக் கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் படுத்திருந்த சாமியார் போர்வையை விலக்கிப் பார்த்து, "மொதல் தபாவா?" என்றார். எனக்கு உள்ளதிலேயே துல்லியமான மருத்துவ அறிக்கை அதுதான்.

உடம்பு வினோதமானது. பிப்ரவரியில் ஒரு நாள் அதே கம்பத்தைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தேன். இரண்டு கிலோமீட்டர் போய், ரமணாசிரமம் வாசலில் திரும்பி, இரண்டு கிலோமீட்டர் வந்தேன். தொடை இரண்டும் உரசிப் புண்ணாகித் தேங்காய் எண்ணெய் போட்டுக்கொண்டு ஆபீசில் கால் அகட்டி நடந்தேன். பெருவிரல் நகம் ஒன்று கறுத்து விழுந்தது. வீட்டுக்கு வந்தால், நனைந்த பனியனை ஹாலில் கொக்கியில் மாட்டி, ஃபேனைப் போட்டுவிட்டு, அதன் கீழேயே உட்கார்ந்து இட்லி தின்பேன். சொட்டு சொட்டாகத் தலையில் விழும். வீட்டில் அசைகிற இன்னொரு பொருள் அந்தப் பனியன்தான்.

அந்தக் கொக்கியைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

மார்ச்சில் வக்கீலிடமிருந்து பதிவுத் தபால் வந்தது. இருவரும் மனமொத்துப் பிரிவதற்கான மனு. அவள் கையெழுத்துப் போட்டிருந்தாள், டீச்சர் கையெழுத்து, ஒவ்வொரு எழுத்தும் கோட்டின் மேல் உட்கார்ந்திருந்தது. என் இடம் காலியாக இருந்தது. அன்று சாயங்காலம் அவளே போன் செய்தாள்.

"வந்துச்சா?"

"வந்துச்சி."

"ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள முடிச்சிடலாம்னு பாக்கறேன். போடறதுன்னா போட்டு அனுப்பிடுங்க. போடலன்னா, எதுக்குப் போடலன்னு நேர்ல வந்து ஒரு வார்த்த சொல்லுங்க. ஒரே ஒரு வார்த்த. ஜோக் இல்லாம."

நான் வாயைத் திறந்தேன். "ஒரு வார்த்தைக்கு மேல போனா எக்ஸ்ட்ரா சார்ஜா?"

போன் வைக்கப்பட்டது. மனுவை ஃபிரிட்ஜின் மேல் வைத்தேன்.

ஸ்கூட்டியில் போய்ச் சொல்லிவிட்டு வர வேண்டியதுதானே என்று கேட்கலாம். அவள் போன மூன்றாம் மாசமே போயிருக்கிறேன். கடையில் அவள்தான் இருந்தாள். வண்டியை அணைக்காமலே, "ஒரு தண்ணி பாட்டில் குடுங்க மேடம், பௌர்ணமி ரேட்டா, அமாவாச ரேட்டா?" என்றேன். பாட்டிலைக் கையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். வண்டியும் நானும் பத்தே நிமிடத்தில் டவுனுக்கு வந்துவிட்டோம். வண்டி அப்படித்தான், தப்பிக்க ரொம்ப சௌகரியம்.

போன்கார அம்மாதான் எனக்கு வழி காட்டியது. நீண்ட தூரம் ஓடப் பழகுகிறவர்கள் வேகத்தைப் பற்றிக் கவலைப்படக் கூடாதாம். கூட ஓடுகிற நண்பரோடு பேச முடிகிற வேகத்தில் ஓட வேண்டுமாம். முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் சரியான வேகம், மூச்சு முட்டிப் பாதியில் நின்றால் வேகம் ஜாஸ்தி. நல்ல யோசனை. கூட ஓடுகிற நண்பர் மட்டும்தான் இல்லை. ஆபீசில் பாலாஜியைக் கூப்பிட்டுப் பார்த்தேன். "அண்ணே, அந்த நேரத்துல என் பொண்டாட்டியே என்ன எழுப்ப மாட்டா" என்றான்.

அதனால் எழிலரசியோடு பேசிக்கொண்டு ஓடினேன். அதாவது, அவளுக்கு என்ன சொல்ல வேண்டுமோ அதைச் சத்தமாகச் சொல்லிச் சொல்லி வேகத்தைச் சரிபார்த்தேன்.

"எழில், அந்தக் கொக்கி இருக்குதுல்ல, ஹால்ல, அது..."

மூச்சு முட்டும். வேகத்தைக் குறைப்பேன். மறுபடியும் ஆரம்பிப்பேன். "எழில், அந்தக் கொக்கி..." ஒரு நாள் ஆசிரமத்தைத் தாண்டுகிற இடத்தில், வெள்ளை உடுப்பில் வந்த வெளிநாட்டு அம்மா ஒருவர் நான் ஏதோ மந்திரம் ஜெபித்துக்கொண்டு ஓடுகிறேன் என்று நினைத்து, நின்று, கண்ணை மூடிக் கை கூப்பினார். நானும் கை கூப்பினேன். அதற்குமேல் விளக்க என்னிடம் மூச்சு இல்லை.

கொக்கி விஷயம் இதுதான். ஆறு வருஷத்துக்கு முன்னால் வேங்கிக்காலில் வீடு கட்டும்போது, கூரை கான்கிரீட் போடுவதற்கு முந்தின நாள், இருசப்பன் மேஸ்திரியைத் தனியாகக் கூப்பிட்டு, ஹாலில் ஃபேன் கொக்கியைத் தவிர இன்னொரு கொக்கி வைக்கச் சொன்னேன். குழந்தைக்குத் தூளி கட்டுவதற்கு. அப்போது சிகிச்சையே ஆரம்பிக்கவில்லை, எழிலரசியிடம் சொல்ல வெட்கம். சென்ட்ரிங் பலகையின் மேல் கம்பியைப் பார்த்துவிட்டு, "இது எதுக்குங்க?" என்று கேட்டாள். "வாழத்தார் மாட்டறதுக்கு" என்றேன். "வருஷத்துக்கு எத்தன தார் வாங்கப் போறீங்க?" என்றாள். ஒன்றுகூட வாங்கவில்லை. அந்தக் கொக்கியில் ஆறு வருஷத்தில் தொங்கிய முதல் பொருள் என் பனியன்.

அவளுக்கு மட்டுமில்லை, எனக்கும் அந்தப் பஸ்ஸில் அழுகை வந்தது என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். ஒரு வார்த்தை. நாலு மாசமாக ஓட வேண்டியிருந்தது.

ஏப்ரலில் நாலு கிலோமீட்டர் போய் நாலு கிலோமீட்டர் திரும்பி வந்துகொண்டிருந்தேன். செங்கம் ரோட்டை விட்டுப் பாதை வலது பக்கம் பிரிகிற இடத்தைத் தாண்டி, காசியம்மாளின் சுக்கு காபி வண்டி நிற்கும். அறுபது வயசுக்கு மேல் இருக்கும், ஸ்வெட்டர் மேல் சேலை கட்டியிருப்பார். அந்த வண்டிதான் நான் திரும்புகிற எல்லை. ஒரு நாள் திரும்பும்போது கையைக் காட்டி நிறுத்தினார்.

"சார், ஒண்ணு கேட்டா கோச்சிக்க மாட்டியே?"

"கேளுங்கம்மா."

"டெய்லி ஓடியாற. ஓடியாந்துட்டு வந்த வழியே திரும்பிப் போற. மலைய சுத்தறியா, அவுக்கறியா?"

"ஓட்டப் பயிற்சிம்மா. சாமிக்கு இல்ல, சுகருக்கு."

"சுகரோ உப்போ. மலைய சோத்தாங்கைப் பக்கம் வச்சினு போனா சுத்து. பீச்சாங்கைப் பக்கம் வச்சினு வந்தா அவுக்கறது. நாலு மைலு சுத்தற, அதே நாலு மைல அவுத்துட்டுப் போற. எத்தன மாசமா ஓடற?"

"நாலாவது மாசம்."

"உன் கணக்கு சைபர்" என்று டம்ளரை நீட்டினார். "குடி. ஓடற நாயிக்கே வழியில தண்ணி காட்டறாங்க."

பிரதட்சிணம் என்றால் எனக்கும் தெரியும், இந்த ஊர்க்காரன்தானே. ஆனால் யாரும் அதை இப்படி அவிழ்த்துக் காட்டியதில்லை. அதுவரை எதிரே வருகிறவர்கள் ஏன் என்னைப் பார்த்ததும் ஒதுங்குகிறார்கள் என்று யோசித்திருக்கிறேன். ஷூ போட்டதற்காக என்று நினைத்திருந்தேன். அத்தனை பேரும் கை கூப்பி ஒரு பக்கம் போக, நான் ஒருத்தன் எதிர்ப்பக்கம் இரைத்துக்கொண்டு வருகிறேன்.

"அப்ப முழுசா சுத்தணும்னா பதினாலு கிலோமீட்டர் ஓடணும்மா. எனக்கு அவ்ளோ தெம்பு இல்ல."

"இப்பவே போவ நாலு, வர நாலுன்னு எட்டு ஓடறல்ல. நடந்து போயேன். அந்தப் பக்கம் இன்னா, புலியா இருக்குது?"

புலி இல்லை. ஏழாவது கிலோமீட்டரில், ஐந்தே முக்கால் மணிக்கு வாசல் தெளித்துக் கோலம் போடுகிற ஒரு டீச்சர் இருக்கிறாள். நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். கிலோமீட்டருக்கு எட்டரை நிமிடம். நாலே முக்காலுக்குக் கிளம்பினால் சரியாக அவள் கையில் கோலமாவு டப்பா இருக்கும்போது போய்ச் சேரலாம்.

மே மாசத்தில் ஐந்து, ஐந்தரை, ஆறு என்று வந்துவிட்டேன். ஆறு என்றால் போக வரப் பன்னிரண்டு. ஆறாவது கிலோமீட்டரில் ஊர்ப் பெயர்ப் பலகை ஒன்று உண்டு. தொடர்ந்து மூன்று ஞாயிற்றுக்கிழமை அந்தப் பலகையைத் தொட்டுவிட்டுத் திரும்பினேன். வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் தூரத்தைக் கூட்டக் கூடாது என்று போன்கார அம்மா சொல்லியிருந்ததைக் காரணமாகச் சொல்லிக்கொண்டேன். வாழ்க்கையில் வேறு எந்த விதியையும் நான் அத்தனை பயபக்தியோடு கடைப்பிடித்ததில்லை. திரும்பி வரும்போது காசியம்மாள் ஒன்றும் கேட்க மாட்டார். ஒரு கையில் வட்டம் போட்டு, மறு கையால் அதை அழித்துக் காட்டுவார்.

மே மாசக் கடைசிச் சனிக்கிழமை சாயங்காலம் எழிலரசியிடமிருந்து செய்தி வந்தது. "புதன்கிழமை ஸ்கூல் திறக்குது. வக்கீல் கேட்கிறார்."

பதிலாக ஒரு ஜோக் அடித்தேன். அழித்தேன். இன்னொன்று, அதைவிட நல்ல ஜோக். அழித்தேன். மூன்றாவது உண்மையிலேயே பிரமாதமாக வந்தது, அதை அழிக்கத்தான் மனசு வரவில்லை. அழித்தேன். பிறகு செயலியைத் திறந்து, நாளைய தூரம் என்கிற இடத்தில் பன்னிரண்டைப் பதினாலாக மாற்றினேன்.

ஞாயிறு காலை ரமணாசிரமம்வரை வாக்கியம் முழுசாக வந்தது. "எழில், அந்தக் கொக்கி வாழத்தாருக்கு இல்ல, தூளிக்கு. அன்னிக்கு பஸ்ல எனக்கும் அழுகை வந்துச்சி." ஒரே மூச்சில் சொன்னேன். மூன்று தடவை. காசியம்மாள் வண்டியைத் தாண்டும்போது அவர் வழக்கம்போல வட்டம் போடக் கையைத் தூக்கினார். நான் பார்க்காத மாதிரி போய்விட்டேன். ஆறாவது கிலோமீட்டரில் பலகை வந்தது. கால் பழக்கத்தில் அதன் பக்கம் ஒதுங்கியது, கை நீண்டது, தொட்டது. ஆனால் போன்கார அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பதினாலில் அதற்கு இது பாதி இல்லை.

திரும்பாமல் ஓடினேன். பயத்தில் வேகம் ஏறிவிட்டது. பேச முடிகிற வேகம் எங்கோ பின்னால் நின்றுவிட்டது.

வீடு தெரிந்தது. வாசல் ஈரமாக இருந்தது. குனிந்து புள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். காலடிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். நான் அவள் கோலத்துக்கு இரண்டடி தள்ளி நின்று, முழங்காலில் கை ஊன்றிக் குனிந்தேன். அந்த நேரம் பார்த்து என் கையில் கட்டியிருந்த போன், இங்கிலீஷில், கணீரென்று, பாதி தூரம் முடிந்துவிட்டது, அபாரம் என்றது.

"யாருங்க அது பொம்பள கொரலு?" என்றாள் எழிலரசி. பதினாறு மாசம் கழித்து அவள் நேரில் சொன்ன முதல் வார்த்தை.

"போ... போனு."

"நெஞ்சு வலிக்குதா? இன்னா ஆச்சு? எங்கிருந்து ஓடியாறீங்க?"

"கோ... கோபுரம்."

"கோபுரத்துல இருந்தா? உங்கள யாராச்சும் தொரத்துனாங்களா?"

நல்ல கேள்வி. அதற்கு என்னிடம் குறைந்தது நான்கு பதில்கள் இருந்தன. ஒன்றுக்கும் மூச்சு இல்லை. உள்ளே ஓடித் தண்ணீர்ச் சொம்பைக் கொண்டுவந்தாள். குடித்தேன். பாதி மூக்கில் ஏறியது. இரண்டு மாசமாக ஒத்திகை பார்த்த வாக்கியத்தைத் தேடினேன். கிடைத்த துண்டு இதுதான்:

"கொக்கி."

"இன்னா கொக்கி?"

"ஹால்ல... வாழத்தார் இல்ல. தூளி."

அவள் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். பாதையில் நாலைந்து பேர் கை கூப்பிக்கொண்டு போனார்கள். ஒரு மயில் எங்கோ கத்தியது.

"தெரியும்" என்றாள்.

நான் நிமிர்ந்தேன்.

"மேஸ்திரி அன்னிக்கே சொல்லிட்டாரு. 'தூளிக்குக் கொக்கி கேட்டாரும்மா சாரு, கம்பிய டபுளா முறுக்கிப் போட்டிருக்கேன், ரெட்டப் புள்ளையே பொறந்தாலும் தாங்கும்'னாரு." அவள் குரல் மாறவே இல்லை. வகுப்பில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள். "நீங்களா சொல்லுவீங்கன்னு ஆறு வருஷம் பாத்துனு இருந்தேன். ஒவ்வொரு வாட்டி வேலூருக்குப் போய்ட்டு வரும்போதும் அண்ணாந்து பாப்பேன். நீங்க பாக்காத மாதிரி ஃபேன் சுவிட்ச போடுவீங்க."

"எனக்கும் அழுகை வந்துச்சி எழில். பஸ்ல."

"டீ குடிக்கலாம்னு சொன்னீங்க."

"ஆமா."

"வந்த அழுகைக்கு அழுதிருக்கலாம்ல? ரெண்டு பேரா அழுதிருந்தா போளூருக்குள்ள முடிஞ்சிருக்கும்."

என் முகத்தில் வழிந்ததை வேர்வை என்று சொல்ல ஒரு வசதி இருந்தது. ஓடி வந்தவன்தானே, யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். சொல்லவில்லை. துடைக்கவும் இல்லை. அவள் பார்த்தாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது, ஆனால் கோலமாவுக் கையால் தொட்டால் எரியும் என்று புறங்கையால் ஒற்றிக்கொண்டாள்.

"காயிதம்?" என்று கேட்டாள்.

"நீ வேணும்னு சொன்னா போட்டுடறேன். எனக்கு வேணாம். இதச் சொல்லத்தான் வந்தேன்."

புள்ளிகள் மேல் ஒரு எறும்பு போய்க்கொண்டிருந்தது. பிறகு, என்னிடம் கேட்கிற மாதிரியும் இல்லாமல், தனக்கே சொல்கிற மாதிரியும் இல்லாமல் சொன்னாள்:

"இப்ப இன்னாங்க பண்றது?"

அதே கேள்வி. ஒரு ஜோக் வந்தது, பொய் சொல்லக் கூடாது. நாக்கு நுனிவரை வந்து நின்றது. இப்போது எனக்கு மூச்சும் திரும்பியிருந்தது, சொல்ல முடியும்.

"எனக்கும் தெரியல" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள், சரியான விடை சொன்ன பையனைப் பார்ப்பதுபோல இல்லை, தனக்கும் தெரியாது என்பதுபோல. உள்ளேயிருந்து என் மாமியார் பச்சையம்மாள், "யாரும்மா வாசல்ல?" என்று கேட்டார்.

எழிலரசி என்னைப் பார்த்துக்கொண்டே, "கிரிவலம் போறவங்கம்மா. தண்ணி கேட்டாங்க" என்றாள்.

அதில் தப்பில்லை. பார்க்கப்போனால் அதுதான் உண்மை. இருந்தாலும் அது உள்ளே எங்கோ போய் உட்கார்ந்தது. நான் பழக்கத்தில் வந்த பக்கமே திரும்பினேன்.

"எங்க போறீங்க?"

"வண்டி தேரடியில நிக்குது."

"வந்த வழியே போவாதீங்க. பாதியில திரும்பக் கூடாது. சுத்திப் போங்க."

"இன்னும் ஏழு கிலோமீட்டர் இருக்குது எழில்."

"அந்தப் பக்கம் போனா கம்மியா?"

இல்லை. அந்தப் பக்கம் போனாலும் ஏழுதான். ஒரு வட்டத்தின் நடுப்பாதியில் நிற்கிறவனுக்கு இரண்டு பக்கமும் ஒரே தூரம் என்று இந்த டீச்சர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. கோலத்தை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனேன். கொஞ்சதூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன். குனிந்து புள்ளிகளைச் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

மீதி ஏழு கிலோமீட்டரைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நாலு ஓடினேன், மூன்று நடந்தேன். ஒத்திகை பார்க்க வாக்கியம் இல்லாததால் வாய் சும்மா இருந்தது. பேச முடிகிற வேகமா என்று சோதித்துப் பார்க்க ஏதாவது சொல்லலாமே என்று பார்த்தால், சொல்ல யாருக்கும் ஒன்றுமில்லை. மலையின் இந்தப் பக்கத்தை இந்தக் கோணத்தில் காலால் நடந்து பார்த்தே பத்து வருஷம் இருக்கும். குபேர லிங்கத்துக்கு அருகில் வெயில் ஏறிவிட்டது. ஒரு குரங்கு என்னைவிட வேகமாகச் சாலையைக் கடந்து, மதில் மேல் உட்கார்ந்து, என்னைப் பார்த்து முதுகைச் சொறிந்துகொண்டது. கோபுரம் தெரிந்தபோது போன்கார அம்மா, இதுவே உங்கள் மிக நீண்ட ஓட்டம், இதை நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளுங்கள் என்றது. நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். கற்பூரம் விற்கிற ஒரு பெண், "கற்பூரம் வாங்கினு போ சாமி" என்றாள். வாங்கினேன். அவளிடம், "பதினாலு கிலோமீட்டர்" என்றேன். "எல்லாருக்கும் பதினாலுதான் சாமி" என்றாள்.

பத்து சதவீத விதியை மீறியதற்கு மூன்று நாள் தண்டனை. கலெக்டர் ஆபீஸ் மாடிப்படியில் பின்பக்கமாக இறங்கினேன். புதன்கிழமை பள்ளி திறந்தது. எழிலரசியிடமிருந்து போன் இல்லை. வக்கீலிடமிருந்தும் இல்லை. மனு ஃபிரிட்ஜின் மேலேயே இருக்கிறது. நல்ல சகுனமா கெட்ட சகுனமா என்று தெரியவில்லை, தெரியாமல் இருக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். பனியனை மட்டும் இப்போதெல்லாம் பின்பக்கக் கொடியில் காயப்போடுகிறேன். ஹாலில் உட்கார்ந்தால் அண்ணாந்து கொக்கியைப் பார்க்கிறேன். டபுளா முறுக்கிய கம்பி. துரு பிடிக்கவில்லை.

வியாழக்கிழமை விடியற்காலையில் நொண்டிக்கொண்டே போனேன். காசியம்மாள் என்னைப் பார்த்ததும் கரண்டியை வைத்துவிட்டு எழுந்தேவிட்டார்.

"வந்துட்டியா! ஞாயித்துக்கிழம இந்தப் பக்கம் போன, திரும்பி வரவே இல்ல. ஏழு மணி வரைக்கும் பாத்துனு இருந்தேன். நாலு பேர கேட்டேன், எங்கனா வுழுந்து கெடக்கறாரா அந்த ஓடற சாருன்னு."

யாரோ என்னை ஏழு மணிவரை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"சுத்திட்டேம்மா" என்றேன்.

"முழுசாவா?"

"முழுசா."

"கூட யாராச்சும் வந்தாங்களா, தனியாவா?"

"தனியாதான்."

அவர் டம்ளரில் சுக்கு காபியை ஊற்றி நீட்டினார்.

"செரி, ஒண்ணு ஆச்சு" என்றார். "குடிச்சிட்டு கெளம்பு. அவுத்துடாத."